யார் தலையில் கட்டுவது?

செல்போனில் ஒரு பட்டனைத் தொடுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. சரியாகத் தொடவில்லையோ என்று மறுபடி தொடுகிறீர்கள். அப்புறம் கொஞ்சம் அழுத்தி. (கண்ணாடியை அழுத்துவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும் எல்லோரும் அழுத்துகிறோம், டி.வி. ரிமோட் காலத்துப் பழக்கம்.) ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் சுமார் 5 விநாடி கழித்து, 'இந்தச் செயலி பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. மூடிவிடவா, காத்திருக்கிறீர்களா?' என்று பவ்யமாக உங்களையே கேட்கும்.

போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். பல சமயம் காரணம் வேறு. உங்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே உட்கார்த்தி வைத்திருக்கும் ஓர் ஆளை, ப்ரோக்ராம் எழுதியவர் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஓட்டலில் கல்லாவில் இருப்பவரை, 'கொஞ்சம் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க' என்று மார்க்கெட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பில்லும் கையுமாகப் பத்துப் பேர் நிற்பார்கள். உள்ளே இட்லி பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.

அந்த ஆளுக்கு 'த்ரெட்' என்று பெயர். தமிழில் இழை. ப்ரோக்ராம் ஓடுகிறது என்றால், ப்ராசசர் ஒரு கட்டளையை எடுத்துச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகிறது என்று அர்த்தம். அப்படித் தொடர்ந்து போகும் ஒரு வரிசைதான் இழை. ஒரே ப்ரோக்ராமுக்குள் பல இழைகள் ஓடலாம். அத்தனையும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும், கூட்டுக் குடும்பம் மாதிரி. கூட்டுக் குடும்பத்தின் சௌகரியங்களும் உண்டு, காலையில் பாத்ரூமுக்குச் சண்டையும் உண்டு.

இழைகளில் ஒன்றுக்கு மட்டும் தனி அந்தஸ்து. திரையை வரைவதும் உங்கள் விரலைக் கவனிப்பதும் அதன் பொறுப்பு. முதன்மை இழை. விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு தடவைக்கும் அதற்குக் கிடைப்பது 16 மில்லி செகண்ட் சொச்சம். எங்கோ இருக்கும் ஒரு சர்வரைக் கேட்டுப் பதில் வர 200 மில்லி செகண்ட் ஆகலாம். சிக்னல் கிடைக்காத லிஃப்டுக்குள் நின்றால் 20 விநாடியும் ஆகலாம். அதுவரை முதன்மை இழை வாசலில் நின்று காத்திருந்தால், திரையில் பொம்மைகூட அசையாது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் இதை எல்லா ப்ரோக்ராமர்களுக்கும் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் 2011-ல் வந்த 3.0 பதிப்பை மனதில் வைத்து எழுதும் செயலிகளுக்கு ஒரு தண்டனை கொண்டுவந்தார்கள்: முதன்மை இழையில் நெட்வொர்க்கைத் தொட்டால் அந்த இடத்திலேயே செயலி விழுந்துவிடும்.

ஆக, நேரம் பிடிக்கும் வேலையை முதன்மை இழை செய்யக் கூடாது. வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, 'முடிஞ்சதும் சொல்லு' என்று தன் வேலையைப் பார்க்கவேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ஏஸிங்க்ரனஸ் என்று பெயர். (தமிழில் எழுதும்போது ஜாக்கிரதையாக எழுதவேண்டிய வார்த்தை.) 'ஒத்தியங்கா' என்றொரு கலைச்சொல் உண்டு. நான் 'சொல்லிவிட்டுப் போகிற வேலை' என்று வைத்துக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டுப் போவது சுலபம். யாரிடம் சொல்வது? பல புத்தகங்கள் இந்தக் கேள்வியை ஒரு பாராவில் தாண்டிவிடுகின்றன. அங்கேதான் சமாசாரம் இருக்கிறது.

முதல் வழி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புது இழை. வேலை முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது. பத்து வேலைக்குச் சரி. பத்தாயிரம் வேலைக்கு? லினக்ஸில் ஓடும் 64 பிட் ஜாவாவில் ஓர் இழைக்கு வழக்கமாக 1 எம்.பி. ஸ்டாக் ஒதுக்குவார்கள். பத்தாயிரத்துக்குச் சுமார் 10 ஜி.பி. இடம் முன்பதிவு. தவிர, நாலு ப்ராசசர் பத்தாயிரம் பேரிடம் மாறி மாறிப் போய் 'எங்கே விட்டோம்?' என்று விசாரிப்பதற்கே நேரம் சரியாகிவிடும்.

இரண்டாவது வழி, ஒரே ஓர் உதவியாள். வேலைகள் வரிசையில் நிற்கும். ஒன்று முடிந்து அடுத்தது. குழப்பம் கிடையாது. ஆனால் முன்னால் நிற்கும் ஒருவர் சுணங்கினால், பின்னால் அத்தனை பேரும் நிற்கவேண்டும். ரேஷன் கடை.

மூன்றாவது, 'பூல்'. நாலோ எட்டோ இழைகளை முதலிலேயே நியமித்து உட்காரவைத்துவிடுவது. யார் சும்மா இருக்கிறாரோ அவர் அடுத்த வேலையை எடுத்துக்கொள்வார்.

இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆண்ட்ராய்டே ஊசலாடியது. 2009-ல் 1.5 பதிப்பில் 'ஏஸிங்க்டாஸ்க்' என்று ஒரு வசதி கொடுத்தார்கள். அதில் போடும் வேலைகளெல்லாம் ஒரே இழையில் வரிசையாக ஓடின. அதே வருஷம் 1.6-ல் மாற்றி, பூலில் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடட்டும் என்றார்கள். 2011-ல் 3.0 வந்தபோது, வேண்டாம், பழையபடி ஒரே இழை என்று திரும்பினார்கள். கடைசியில் 2020-ல், ஆண்ட்ராய்டு 11 வந்தபோது, இந்த வசதியையே இனிமேல் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் டிராஃபிக் போலீஸ் ஒரு தெருவை ஒருவழி ஆக்கி, இருவழி ஆக்கி, மறுபடி ஒருவழி ஆக்குவது போல.

ஏன் திரும்பினார்கள்? பல பேர் ஒரே சமயத்தில் வேலை பார்த்தால் வரும் வழக்கமான கோளாறுகளைத் தவிர்க்க. உதாரணமாக, நீங்கள் எழுதிய ஒரு கடிதத்தைச் சேமிக்கச் சொல்கிறீர்கள். உடனே மனசு மாறி அழிக்கச் சொல்கிறீர்கள். ஒரே இழை என்றால், சேமிப்பு, பிறகு அழிப்பு. இரண்டு இழை என்றால், அழிக்கிறவர் முந்திக்கொண்டு, 'அப்படி ஒரு கடிதமே இல்லையே' என்று போய்விடுவார். சேமிக்கிறவர் சாவகாசமாக வந்து சேமிப்பார். கோபத்தில் எழுதி, யோசித்து அழித்த கடிதம், உயிரோடு இருக்கும். இந்தக் கோளாறு நூறு தடவையில் ஒரு தடவைதான் வரும். டெஸ்ட் பண்ணும்போது வராது.

இதெல்லாம் செல்போன் சங்கடங்கள். இதைவிடப் பெரிதாக ஒன்று சொல்கிறேன்.

என் அண்ணன் பெண் ஒரு சின்ன ஸாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கு ப்ரோக்ராம் எழுதுகிற கம்பெனி. பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அந்த ப்ரோக்ராம் இரண்டு முக்கியமான காரியங்கள் செய்கிறது. லேபில் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ரிசல்ட்டை வார்டில் இருக்கும் திரைக்கு அனுப்புவது ஒன்று. நாளைக்கு டாக்டரைப் பார்க்க வரவேண்டியவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது இன்னொன்று. இரண்டுமே சொல்லிவிட்டுப் போகிற வேலைகள்.

ஒருநாள் சாயங்காலம் எஸ்.எம்.எஸ். அனுப்பித் தரும் வெளிக் கம்பெனியின் சர்வர் சுணங்கிவிட்டது. வழக்கமாக அரை விநாடியில் பதில் சொல்வது, அரை நிமிஷம் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் வார்டில் ஒரு பெரியவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்திருக்கிறார்கள். 6.8. பெரியவர்களுக்கு 5 வரை சரி, 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். லேபில் டைப் அடித்து அனுப்பிவிட்டார்கள். வார்டுத் திரையில் வரவில்லை. 10 நிமிஷம், 20 நிமிஷம், 40 நிமிஷம். நல்லவேளையாக, கம்ப்யூட்டர்களை அவ்வளவாக நம்பாத ஒரு சீனியர் ஸிஸ்டர் டியூட்டியில் இருந்தார். 'இன்னுமா வரலை?' என்று லேபுக்கு போன் போட்டுக் கேட்டார். பெரியவர் பிழைத்தார்.

அன்று ராத்திரி அண்ணன் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

'சித்தப்பா, சர்வர்ல சி.பி.யு. ரெண்டு பர்சன்ட்கூட ஓடலை. மெமரி ஃப்ரீயா இருக்கு. எல்லாம் பச்சை லைட்டு. ஆனா ரிசல்ட் போகலை. எப்படி?'

'எஸ்.எம்.எஸ். எந்த த்ரெட்ல ஓடுதும்மா?'

'அது ஏஸிங்க்ல ஓடுது.'

'சரி, எந்த த்ரெட்ல?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'அது... ஜாவாவே பார்த்துக்கும் இல்லையா?'

ஜாவா பார்த்துக்கொள்ளும், நிஜம்தான். 2014-ல் வந்த ஜாவா 8-ல் 'கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சர்' என்று ஒரு வசதி இருக்கிறது. 'இந்த வேலையைச் செய்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எந்த இழைகளிடம் கொடுப்பது என்பதையும் கூடவே ஒரு கமா போட்டுச் சொல்லலாம். சொல்லாவிட்டால், அந்த ப்ரோக்ராம் முழுவதற்கும் பொதுவான 'காமன் பூல்' என்ற சத்திரத்துக்கு வேலை போய்விடும். அந்தச் சத்திரத்தில் எத்தனை பேர்? ப்ராசசர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இவர்களுடைய சர்வரில் 4 ப்ராசசர். ஆகவே 3 பேர்.

ரிசல்ட், எஸ்.எம்.எஸ். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். இரண்டு பேருமே அந்தக் கமாவைப் போடவில்லை. ஆகவே இரண்டு வேலையும் அதே மூன்று பேரிடம்.

இங்கே சின்னதாக ஒரு கணக்கு. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிரூபித்தார். மிக எளிமையானது: விநாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதால் பெருக்கினால், சராசரியாக எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று தெரியும். ஓட்டலுக்கும் பொருந்தும், பாங்குக்கும் பொருந்தும். விநாடிக்கு 2 எஸ்.எம்.எஸ்., ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி என்றால், சராசரியாக ஓர் இழைக்குத்தான் வேலை. மூன்று பேர் தாராளம். ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி ஆனால்? 60 இழை வேண்டும். இருப்பது 3.

மூன்று பேரும் எஸ்.எம்.எஸ். கம்பெனியின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்பதற்கு சி.பி.யு. செலவாகாது, அதனால்தான் பச்சை லைட். பின்னால் வரிசை வளர்ந்தது. 'நாளை காலை 10 மணிக்குப் பல் டாக்டர்' என்ற 200 நினைவூட்டல்களுக்குப் பின்னால், அந்தப் பெரியவரின் பொட்டாசியம் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மாற்றினார்கள். எஸ்.எம்.எஸ்ஸுக்குத் தனியாக 2 இழை. 5 விநாடிக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்காதே என்று கெடு. ரிசல்ட்டுக்குத் தனியாக 4 இழை. அவர்களை வேறு யாரும் கூப்பிடக் கூடாது. கப்பலின் வயிற்றைத் தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. ஸாஃப்ட்வேரிலும் இந்த ஏற்பாட்டுக்கு 'பல்க்ஹெட்' என்று கப்பல்காரர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

'4, 2 எல்லாம் என்ன கணக்கு சித்தப்பா?' என்றாள்.

கணக்கு இருக்கிறது. பிரையன் கெட்ஸும் நண்பர்களும் 2006-ல் எழுதிய ஜாவா புத்தகத்தில் ஒரு சூத்திரம் வரும். ஒரு வேலை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, எவ்வளவு நேரம் நிஜமாக உழைக்கிறது என்று பாருங்கள். காத்திருப்பதை உழைப்பால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, ப்ராசசர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 4 ப்ராசசர், 90 மில்லி செகண்ட் காத்திருந்து 10 மில்லி செகண்ட் உழைக்கிற வேலை என்றால், 4-ஐப் பத்தால் பெருக்கி, 40 இழை வரை போகலாம். காத்திருக்காமல் கணக்கு மட்டும் போடுகிற வேலை என்றால் 4 போதும். பரோட்டாக் கல் நாலுதான் இருக்கிறது என்றால் நாற்பது மாஸ்டர் எதற்கு? ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அதே சமயம், மாவு ஊறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் மாஸ்டர் கல்லை அடைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அதுதான் சூத்திரம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வரிசை எவ்வளவு நீளம் போகலாம்? ஜாவாவில் சுலபமாகக் கிடைக்கும் பூல்களில் வரிசைக்கு எல்லையே கிடையாது. மெமரி தீரும்வரை நிற்கலாம். எல்லை வைத்தால், நிரம்பியபின் வருகிறவரை என்ன செய்வது என்று சொல்லவேண்டும். ஜாவா நாலு வழி தருகிறது. 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வது. வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் குப்பையில் போடுவது. வரிசையில் முதலில் நிற்பவரைத் தள்ளிவிட்டு இவரைச் சேர்ப்பது. நாலாவது, வேலையைக் கொண்டுவந்தவனையே செய்யச் சொல்வது. முதல் மூன்றும் அரசாங்க ஆபீஸ்களில் பார்த்தவைதான். நாலாவது என் வீட்டில் அமலில் இருக்கிறது: 'காபி வேணுமா? டிகாக்ஷன் இருக்கு, போட்டுக்கோங்க.' இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தானே போட்டுக்கொள்ளும் நேரத்தில் அந்த ஆள் அடுத்த வேலையைக் கொண்டுவர முடியாது. தானாகவே வேகம் குறைந்துவிடும். சமயத்தில் மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் கொண்டுவந்தது முதன்மை இழையாக இருந்தால் போச்சு. கல்லாக்காரர் மறுபடி மார்க்கெட்டில்.

பூலுக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. நாலு குமாஸ்தாக்கள். ஒவ்வொருவரும் தன் ஃபைலில் ஒரு சந்தேகத்தை எழுதி, அதே அலுவலக வரிசையில் போட்டுவிட்டு, பதில் வரும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்கிறார். பதில் எழுதவேண்டியவர்கள் யார்? அதே நாலு பேர். ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஒரு வேலை, தன்னுடைய பூலுக்கே இன்னொரு வேலையை அனுப்பிவிட்டு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் யோசித்துப் பிரித்து வைத்தவர்களுக்கும் சறுக்கியிருக்கிறது. 1997 ஜூலை 4-ம் தேதி நாஸாவின் பாத்ஃபைண்டர் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. அழகாகப் படங்கள் அனுப்பியது. சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீஸெட் ஆகத் தொடங்கியது. உள்ளே இழைகளுக்கு முன்னுரிமை வரிசை கொடுத்திருந்தார்கள். தகவல் பாதையை நிர்வகிக்கும் வேலைக்கு மிக உயர்ந்த இடம். வானிலைத் தகவல் சேகரிப்பதற்குத் தாழ்ந்த இடம். தகவல் தொடர்பு நடுவில். ஒரு பூட்டை உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் மாறி மாறிப் பயன்படுத்தவேண்டும். தாழ்ந்தவர் பூட்டைக் கையில் வைத்திருந்தபோது, நடுவில் இருப்பவர் 'நான் உன்னைவிட முக்கியம்' என்று ப்ராசசரைப் பிடுங்கிக்கொண்டு நிதானமாக வேலை பார்த்தார். தாழ்ந்தவரால் பூட்டைத் திருப்பித் தர முடியவில்லை. ராஜா வாசலில் நின்றார். ராஜா வேலைக்கு வரவில்லை என்று கண்ட காவலாளி ப்ரோக்ராம், ஏதோ விபரீதம் என்று மொத்தத்தையும் ரீஸெட் செய்தது.

பூமியில் அதேபோல இருந்த கம்ப்யூட்டரில் இதைத் திரும்ப வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். ராஜா காத்திருக்கும் பூட்டு யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத் தற்காலிகமாக ராஜாவின் அந்தஸ்தைக் கொடுக்கும் வசதி அந்த ஸாஃப்ட்வேரில் இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து செய்தி அனுப்பி அதைப் போட்டுவிட்டார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஸ்விட்ச்.

இப்போது சில இளைஞர்கள் சொல்கிறார்கள்: 'இதெல்லாம் பழைய கதை சார். 2023 செப்டம்பர்ல ஜாவா 21 வந்தாச்சு. வர்ச்சுவல் த்ரெட். லட்சக்கணக்குல வெச்சுக்கலாம். பூலே வேண்டாம்.' வாஸ்தவம். இந்த மெய்நிகர் இழைகள் மிக மலிவு. காத்திருக்கும்போது ப்ராசசரைத் தாங்கும் நிஜ இழையை விட்டு இறங்கி ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். வேலைக்கு ஓர் இழை என்ற அந்த முதல் வழிக்கே சௌகரியமாகத் திரும்பலாம்.

ஆனால் மலிவானது இழை மட்டும்தான். எஸ்.எம்.எஸ். கம்பெனியின் சர்வர் மலிவாகவில்லை. டேட்டாபேஸுக்கு இருக்கும் 20 கனெக்ஷன் 20-தான். லட்சம் பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் நிறுத்தினால் வாசல் பெரிதாகாது. முன்பு பூல் சின்னதாக இருந்ததே ஒரு காவலாக இருந்தது. இப்போது வாசலில் தனியாக ஒரு காவலாளி வைத்து, 'ஒரு சமயத்தில் இருபது பேர்' என்று சொல்லவேண்டும். கணக்கு மட்டும் போடும் வேலைக்கோ, மெய்நிகர் இழையால் ஒரு லாபமும் இல்லை, கல் நாலுதான். எத்தனை ஆள் என்ற கேள்வி போய், எந்த வாசலில் யார் யாருக்குப் பின்னால் நிற்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதை மெஷின் கேட்காது. பல் டாக்டர் நினைவூட்டலும் பொட்டாசியமும் அதற்கு ஒன்றுதான். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி தெரிந்த ஒருவர் சொல்லியாகவேண்டும்.

அண்ணன் பெண்ணுக்கு இன்னொரு யோசனையும் சொன்னேன். இழைகளுக்குப் பெயர் வை. சும்மா விட்டால் ஜாவா 'பூல்-1-த்ரெட்-3' என்று கைதி நம்பர் மாதிரி ஒரு பெயர் கொடுக்கும். ராத்திரி 2 மணிக்கு அதைப் பார்த்து யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரியாது.

வைத்தாள். இரண்டு மாதம் கழித்து எஸ்.எம்.எஸ். கம்பெனி மறுபடி படுத்துக்கொண்டது. அந்த நிமிஷம் எந்த இழை என்ன செய்கிறது என்ற பட்டியலை எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். 'எஸ்எம்எஸ்-1', 'எஸ்எம்எஸ்-2' இரண்டும் வாசலில் காத்திருந்தன. 'ரிசல்ட்-1'லிருந்து 'ரிசல்ட்-4' வரை, வந்ததையெல்லாம் வார்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வேலைக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தன.

ஒரு ஆஸ்பத்திரியில் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.